தாயானால் வேலையை விட வேண்டுமா?

"திருவண்ணாமலைக்கும் ஆகாய விமானத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் மலை இருக்கிறது, கோயில் இருக்கிறது, பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் ஜனக்கூட்டம் இருக்கிறது. விமான நிலையம் மட்டும் கிடையாது. பிளேன் ஏற வேண்டுமென்றால் பஸ்ஸிலோ காரிலோ சென்னைக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கே அரை நாள் ஓடிவிடும்.

ஆனாலும் சகோதரிகளே, இந்தியன் ஏர்லைன்ஸ் என்று ஒரு அரசாங்க விமானக் கம்பெனி இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஆரஞ்சு நிற வால் போட்ட பிளேன்! அது எங்கள் ஊரில் ஒரு நாளும் இறங்கியதில்லை. இருந்தும் எங்கள் வீட்டுக்குள் அது வந்து போய்க்கொண்டுதான் இருந்தது. அது மட்டுமில்லை. இன்று வேலைக்குப் போகும் நம் மகள்களும் மருமகள்களும் பிள்ளை பெற்ற பிறகும் தைரியமாக வேலையைத் தொடருகிறார்கள் அல்லவா? அந்தத் தைரியத்துக்குப் பின்னால் இந்தக் கம்பெனியில் தட்டு ஏந்திய பெண்கள் நடத்திய ஒரு வழக்கும் இருக்கிறது. அந்தக் கதையைத்தான் இன்றைக்கு உங்களோடு பேசப் போகிறேன். காப்பியை எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்!

நடு ராத்திரியில் மூட்டை மாற்றிய கதை

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது என் பெரிய அண்ணன் டில்லியில் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தார். வாரம் ஒரு கடிதம் தவறாமல் வந்துவிடும். மெட்ராஸிலிருந்து டில்லிக்கு ரயிலில் போனால் இரண்டு இரவு ஆகும் காலம் அது. ஆனால் அண்ணன் திங்கட்கிழமை சாயங்காலம் போட்ட கடிதம் புதன்கிழமை எங்கள் திண்ணைக்கு வந்துவிடும். "இவன் எழுத்துக்கு இறக்கை முளைச்சிருக்குடீ!" என்று அம்மா சிரிப்பாள்.

உண்மையிலேயே இறக்கைதான்! 1949-ல் ஆரம்பித்த இரவு விமானத் தபால் ஏற்பாடு அது. ராத்திரி டில்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் ஆகிய நான்கு ஊர்களிலிருந்தும் நான்கு விமானங்கள் புறப்படும். நான்கும் தேசத்தின் நடுவில் இருக்கும் நாகபுரியில் நள்ளிரவுக்குப் பிறகு சந்திக்கும். அங்கே தபால் மூட்டைகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டு, விடிவதற்குள் அவரவர் ஊருக்குத் திரும்பிவிடும். சந்தையில் நான்கு திசை வண்டிகள் கூடிச் சரக்கு மாற்றிக்கொள்வது மாதிரி! சாதாரணத் தபாலையும் தனிக் கட்டணம் இல்லாமல் விமானத்திலேயே கொண்டுபோவது என்று அதே வருஷம் அரசாங்கம் முடிவெடுத்தது. 1953-க்குப் பிறகு இந்த ராத்திரி வேலையை இந்தியன் ஏர்லைன்ஸ் ஏற்றுக்கொண்டது.

பிளேனைக் கிட்டத்தில் நின்று பார்க்காத குடும்பங்களுக்குக்கூட, பிள்ளைக்கு உடம்பு தேறிய செய்தியும், பெண் பார்த்துவிட்டுப் போனவர்களின் சம்மதமும் இப்படித்தான் பறந்து வந்தன.

எட்டுக் கம்பெனிகள் ஒன்றான கதை

நம் நாட்டு விமானப் போக்குவரத்தே தபாலில் தொடங்கியதுதான். 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா ஒரு சின்னஞ்சிறு 'புஸ் மாத்' விமானத்தில் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஆக, முதல் நாளே நம் ஊர்ப் பக்கமும் அந்தத் தடத்தில் இருந்தது என்பது நமக்குப் பெருமைதான்!

இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் ராணுவம் உபயோகித்த டகோட்டா விமானங்கள் மலிவாக விற்பனைக்கு வந்தன. உடனே ஆளாளுக்கு விமானக் கம்பெனி ஆரம்பித்துவிட்டார்கள். பயணிகளோ குறைவு. ஒரு தெருவில் எட்டு மளிகைக் கடை வைத்தால் என்ன ஆகும்? எல்லோருக்கும் நஷ்டம்தான். கடைசியில் பாராளுமன்றம் 1953-ல் சட்டம் போட்டது. டெக்கான் ஏர்வேஸ், பாரத் ஏர்வேஸ், கலிங்கா ஏர்லைன்ஸ், ஹிமாலயன் ஏவியேஷன் முதலான எட்டு உள்நாட்டுக் கம்பெனிகள் அரசாங்கத்தின் கைக்கு வந்து ஒன்றாயின. 1953 ஆகஸ்ட் 1-ஆம் தேதி இந்தியன் ஏர்லைன்ஸ் கார்ப்பரேஷன் பறக்கத் தொடங்கியது. வெளிநாட்டுப் பயணத்துக்கு ஏர் இந்தியா, உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ் என்று பாகப்பிரிவினை ஆயிற்று.

சீதனமாக வந்தவை 99 விமானங்கள். அதில் 74 பழைய டகோட்டாக்கள்! எட்டு வீட்டுப் பாத்திரங்களை ஒரே சமையல் அறையில் போட்டுக் குடித்தனம் நடத்தச் சொன்ன மாதிரி இருந்திருக்கும். அதைச் சமாளித்துத்தான் காரியத்தைத் தொடங்கினார்கள்.

பஞ்சும் பெப்பர்மின்ட்டும்

டகோட்டாவில் இப்போது மாதிரி உள்ளே காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் வசதி கிடையாது. மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் காது அடைத்துக்கொள்ளும். அதற்காக ஏர்ஹோஸ்டஸ் பெண்கள் ஒரு தட்டில் பஞ்சும் பெப்பர்மின்ட்டும் எடுத்து வருவார்கள். பஞ்சு, இரைச்சலுக்கு. பெப்பர்மின்ட், எச்சில் விழுங்குவதற்கு. விழுங்க விழுங்க, தொண்டைக்கும் காதுக்கும் நடுவில் உள்ள குழாய் திறந்து அடைப்பு நீங்கும். விமானப் பணிப்பெண் என்றால் அலங்காரப் பொம்மை என்று நினைத்தவர்கள் உண்டு. வாந்தி எடுப்பவரைத் தாங்கிப் பிடிப்பது, பயந்தவருக்குத் தைரியம் சொல்வது, ஆபத்தென்றால் எல்லோரையும் வெளியேற்றுவது... இதெல்லாம் அவர்கள் வேலை. கிட்டத்தட்ட ஒரு நர்ஸ் வேலைதான்!

கம்பெனி வளர்ந்தது. 1957-ல் வைக்கவுண்ட் வந்தது. காது வலி குறைந்தது. 1961-ல் ஃபோக்கர் ஃப்ரெண்ட்ஷிப், 1964-ல் முதல் ஜெட்டான காரவெல். பிறகு நம் நாட்டிலேயே கான்பூரில் தயாரான ஆவ்ரோ. எழுபதுகளின் தொடக்கத்தில் போயிங் 737, 1976-ல் பெரிய ஏர்பஸ். மதுரை, திருச்சி, கோவை ஊர்க்காரர்களுக்கெல்லாம் 'பிளேன்' என்றாலே இந்தியன் ஏர்லைன்ஸ்தான். வேறு கம்பெனி ஏது? 1981-ல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சேர்ந்து 'வாயுதூத்' என்ற சின்னக் கம்பெனியைத் தொடங்கின. அதன் குட்டி விமானங்கள் நம் நெய்வேலிக்குக்கூட வந்து போயின.

துக்கமும் இல்லாமல் இல்லை. 1973 மே 31-ஆம் தேதி மெட்ராஸிலிருந்து டில்லி சென்ற போயிங், இறங்கும் நேரத்தில் பாலம் விமான நிலையத்துக்கு அருகே விழுந்து 48 பேர் மாண்டார்கள். மத்திய மந்திரி மோகன் குமாரமங்கலம் அவர்களில் ஒருவர். 1976 அக்டோபர் 12-ஆம் தேதி பம்பாயிலிருந்து மெட்ராஸுக்குக் கிளம்பிய காரவெல்லில் எஞ்சின் தீப்பிடித்தது. திரும்பி வரும்போதே விழுந்துவிட்டது. உள்ளே இருந்த 95 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. 'பத்ரகாளி' படத்தில் நடித்த ராணி சந்திராவும் அதில்தான் போனார். அன்று எங்கள் தெருவில் வானொலியைச் சுற்றி நின்ற பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியாமல் நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. இப்படிப்பட்ட விபத்துகளில் பயணிகளோடு சேர்ந்து விமானப் பணிப்பெண்களும் உயிரை விட்டார்கள். அவர்களும் யாரோ ஒரு தாயின் பெண்கள்தானே!

கைக்குழந்தையோடு ஒரு பயணம்

நான் முதல் தடவை விமானம் ஏறியது 1981 ஜனவரியில். டில்லியில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். ரயிலில் இரண்டு ராத்திரி, கையில் எட்டு மாதப் பிள்ளை. "குழந்தையை வைச்சுக்கிட்டு நீ கஷ்டப்பட வேணாம், பிளேன்ல வா" என்று அண்ணனே டிக்கெட் அனுப்பிவிட்டார். என் வீட்டுக்காரர் மீனம்பாக்கம் வரை வந்து ஏற்றிவிட்டார்.

விமானம் இறங்கத் தொடங்கியதும் பிள்ளை வீல் வீலென்று அலற ஆரம்பித்தான். நான் பதறிப்போனேன். அந்த ஏர்ஹோஸ்டஸ் பெண், இருபத்தைந்து வயசுதான் இருக்கும், அருகில் வந்து குனிந்தாள். "பால் கொடுங்க அக்கா. விழுங்கினா காது சரியாயிடும்" என்று நல்ல தமிழில் சொல்லிவிட்டு, ஒரு போர்வையை எடுத்து என் தோள் மேல் மறைவாகப் போட்டாள். இரண்டு நிமிஷம்தான். அழுகை நின்றது. தாய்மை என்றால் என்ன என்று தெரிந்த கை அது.

அந்தப் பெண் தானே ஒரு தாயானால் அவள் கதி என்ன ஆகும்? அப்போதைய விதியைக் கேளுங்கள்.

மூன்று கத்தரிக்கோல்

விமானப் பணிப்பெண்ணின் உத்தியோகத்தைக் கத்தரிக்க மூன்று கத்தரிக்கோல் வைத்திருந்தார்கள். ஒன்று, 35 வயது. இரண்டு, வேலைக்குச் சேர்ந்து நான்கு வருஷத்துக்குள் கல்யாணம். மூன்று, முதல் கர்ப்பம். இந்த மூன்றில் எது முதலில் வருகிறதோ அன்றோடு வேலை சரி! கூடவே வேலை பார்க்கும் ஆண்களோ 58 வயது வரை இருக்கலாம். அவர்களுக்குக் கல்யாணம் ஆனால் மாலை, பிள்ளை பிறந்தால் மிட்டாய். பெண்ணுக்கோ வீட்டுக்குப் போகும் வழி!

அதுவும் இது யாரோ தனியார் முதலாளி போட்ட விதி இல்லை. மக்கள் வரிப்பணத்தில், பாராளுமன்றச் சட்டத்தால் பிறந்த இரண்டு அரசாங்கக் கம்பெனிகளின் விதி. வெளியில் சுவரெல்லாம் 'தாய் சேய் நலம்' என்று எழுதிய அதே சர்க்கார்!

இந்த விதியை எதிர்த்து ஏர் இந்தியாவின் விமானப் பணிப்பெண் நர்கேஷ் மிர்சாவும் அவரோடு சேர்ந்தவர்களும் வழக்குத் தொடுத்தார்கள். ஏர் இந்தியா, இந்தியன் ஏர்லைன்ஸ் இரண்டின் விதிகளும் சுப்ரீம் கோர்ட்டின் முன் வந்தன. 1981 ஆகஸ்ட் 28-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி முர்தஸா ஃபசல் அலி.

கர்ப்பம் என்பது வியாதியோ ஊனமோ அல்ல, இல்லற வாழ்வில் இயற்கையாக வருவது. கல்யாணம் செய்துகொள்ள அனுமதித்துவிட்டு, பிள்ளை பெற்றால் வேலை இல்லை என்று சொல்வது கொடுமை, இந்தியப் பெண்மைக்கே அவமதிப்பு என்ற பொருள்பட எழுதி, அந்தக் கர்ப்ப விதியை அடித்துத் தள்ளினார்கள். நம் பாட்டிமார்கள் காலம் காலமாகச் சொன்னதுதான். ஆனால் அதைச் சுப்ரீம் கோர்ட் சொன்னபோதுதான் கம்பெனிகளின் காதில் ஏறியது!

அதற்காக எல்லாம் கிடைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நான்கு வருஷம் கல்யாணம் கூடாது என்ற விதியை அதே தீர்ப்பு சரியென்றே ஏற்றுக்கொண்டது. பத்தொன்பது வயதில் சேரும் பெண் இருபத்து மூன்று வரை காத்திருந்தால் அவள் உடம்புக்கும் நல்லது, குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் நல்லது என்று காரணம் சொன்னார்கள். 35 வயது வரம்பையும் அன்று எடுக்கவில்லை. ஆண்களும் பெண்களும் வேறு வேறு பிரிவாக வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள், அதனால் இதைப் பாரபட்சம் என்று சொல்ல முடியாது என்றார்கள். வயது வரம்பு பிறகு படிப்படியாகத்தான் உயர்ந்தது. மூன்று கத்தரிக்கோலில் அன்று உடைந்தது ஒன்றுதான். ஆனால் அதுதான் மிகவும் கூர்மையானது.

பக்கத்து வீட்டில் நடந்தது

"அதெல்லாம் பழைய கதை அம்மா, இப்போ யார் அப்படிச் செய்யறாங்க?" என்று இளம் தாய்மார்கள் கேட்கலாம். சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு அம்மாளின் மருமகள் பெங்களூரில் இருந்து பறக்கும் ஒரு தனியார் விமானக் கம்பெனியில் பணிப்பெண். மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் வீட்டில் ஒரே சந்தோஷம். சந்தோஷத்தோடு சேர்ந்து ஒரு தீர்மானமும்.

"அக்கா, அவளை வேலையை விட்டுட்டு வரச் சொல்லிட்டேன். எப்படியும் அவங்களே தூக்கிடுவாங்க. நாமளே மரியாதையா விலகிக்கறதுதானே நல்லது?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"யார் சொன்னது தூக்கிடுவாங்கன்னு?"

"அவகூட வேலை பார்க்கிற பொண்ணு சொல்லுச்சாம். பிளேன்ல ஏறக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களாம். ஏறக் கூடாதுன்னா என்ன அர்த்தம்? வேலை இல்லைன்னுதானே?"

இங்கேதான் இரண்டு விஷயம் ஒன்றாகக் குழம்பிவிடுகிறது. கர்ப்பமான பணிப்பெண்ணைப் பறக்கும் வேலையிலிருந்து தற்காலிகமாக விலக்கிவைப்பது அவள் உடம்புக்கும் குழந்தைக்கும் உள்ள பாதுகாப்புக்காக. அது வேலையை விட்டு நீக்குவது இல்லை. 1961-ஆம் வருஷத்துப் பிரசவ நலச் சட்டமே, பிரசவ விடுப்பில் இருக்கும் பெண்ணை அந்தக் காரணத்துக்காக வேலை நீக்கம் செய்யக் கூடாது என்றது. 2017-ல் அதைத் திருத்தி, முதல் இரண்டு பிரசவங்களுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு என்று உயர்த்தினார்கள். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது வேலை செய்திருந்தால் போதும்.

இதையெல்லாம் நான் சொன்னபோது அந்த அம்மாள் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டாள். அன்று ராத்திரி மருமகளோடு போனில் நெடுநேரம் பேசினார்கள். ராஜினாமாக் கடிதம் அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக, டாக்டர் சர்டிபிகேட்டோடு, "தரையில் செய்யும் வேலை இருந்தால் கொடுங்கள், பிறகு பிரசவ விடுப்பு வேண்டும்" என்று விண்ணப்பம் போனது. பதில் வந்திருக்கிறது, டிக்கெட் கவுன்டரில் உட்காரச் சொல்லி! இப்போது மாமியாருக்கு வேறு கவலை: "பிள்ளை பொறந்து ஆறு மாசத்துக்கப்புறம் நான்தானே பார்த்துக்கணும்? எனக்கு முழங்கால் வலி வேற..." இதுவும் நியாயமான கவலைதான். ஆனால் வேலை போகும் கவலையைவிட இது எவ்வளவோ தேவலை, இல்லையா?

தட்டு ஏந்தியவர்களும் சுக்கான் பிடித்தவர்களும்

பணிப்பெண்களுக்கே இந்தப் பாடு என்றால், விமானம் ஓட்ட ஆசைப்பட்ட பெண்களின் பாடு எப்படி இருந்திருக்கும்!

டெக்கான் ஏர்வேஸில் பிரேம் மாத்தூர் என்ற பெண் விமானி இருந்தார். எத்தனையோ கம்பெனிகள் பெண் என்ற காரணத்தால் கதவைச் சாத்திய பிறகு கிடைத்த வேலை அது. 1949-ல் தேசிய விமானப் பந்தயத்தில் ஜெயித்தவர் அவர். நம் பக்கத்து உஷா சுந்தரம், கணவர் சுந்தரத்தோடு சேர்ந்து, 1950-ல் மெட்ராஸ் அரசாங்கத்துக்காக வாங்கிய விமானத்தை லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார். திறமை இல்லை என்று யார் சொல்ல முடியும்?

இந்தியன் ஏர்லைன்ஸின் முதல் பெண் விமானி துர்பா பானர்ஜி. அவர் விமானி வேலை கேட்டபோது, "பணிப்பெண்ணாக வேண்டுமானால் சேரலாமே" என்று யோசனை சொன்னார்களாம். "நான் கற்றது விமானம் ஓட்ட" என்று உறுதியாக நின்றார். 1988-ல் ஓய்வு பெறும்போது அவர் 18,000 மணி நேரத்துக்கும் மேல் பறந்திருந்தார்.

1985 நவம்பரில் இன்னொரு அதிசயம். கேப்டன் சௌதாமினி தேஷ்முக், துணை விமானி நிவேதிதா பாசின், பணிப்பெண்கள் என்று எல்லோருமே பெண்களாகக் கல்கத்தாவிலிருந்து சில்சாருக்கு ஒரு ஃபோக்கர் விமானத்தை ஓட்டிச் சென்றார்கள். அதே நிவேதிதா 1990 ஜனவரி 1-ஆம் தேதி, 26 வயதில், போயிங் ஜெட் விமானத்தின் கேப்டனாகப் பொறுப்பேற்றார். அப்போது உலகத்திலேயே இளம் வயது ஜெட் பெண் கேப்டன் அவர்தான்!

கவனித்தீர்களா? கர்ப்ப விதி உடைந்து நான்கே வருஷத்தில், ஒரு விமானம் முழுக்கப் பெண்கள். ஒரு கதவு திறந்தால் அடுத்த கதவைத் தட்டத் தைரியம் வந்துவிடுகிறது.

வானத்தில் வந்த வண்டி நின்ற இடம்

அதே 1990-ல் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. அங்கே வேலைக்குப் போயிருந்த நம் ஜனங்கள் கட்டிய துணியோடு பாலைவனத்தைத் தாண்டி ஜோர்டான் நாட்டு அம்மான் நகரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்து இரண்டு மாதத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை விமானத்தில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். முக்கியப் பொறுப்பு ஏர் இந்தியாவுடையது. இந்தியன் ஏர்லைன்ஸும் கை கொடுத்தது. லாப நஷ்டக் கணக்குப் பார்த்துச் செய்கிற காரியமா இது? அரசாங்கக் கம்பெனி என்று ஒன்று இருப்பதன் அருமை அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் காலம் மாறியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தனியார் கம்பெனிகள் வந்தன. 1994-ல் பழைய சட்டம் ரத்தாகி, இந்தியன் ஏர்லைன்ஸ் மற்றவர்களோடு போட்டி போட வேண்டிய ஒரு சாதாரணக் கம்பெனி ஆயிற்று. நாற்பது வருஷம் ஒற்றைக் கடையாக இருந்ததில் தாமதமும் அலட்சியமும் கொஞ்சம் ஊறித்தான் போயிருந்தன. புதிதாக வந்தவர்கள் சிரித்த முகத்தோடு வரவேற்றார்கள். 1999 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் காட்மாண்டுவிலிருந்து டில்லி கிளம்பிய விமானத்தைக் கடத்தி, காந்தஹாரில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பயணிகள் விடுபட்டது டிசம்பர் 31-ஆம் தேதி. அத்தனை நாளும் தேசமே தூங்கவில்லை.

2005 டிசம்பரில் பெயரைச் சுருக்கி 'இந்தியன்' என்று வைத்தார்கள். 2007-ல் ஏர் இந்தியாவோடு இணைத்தார்கள். 2011-ல் டிக்கெட்டில் இருந்த 'ஐ.சி.' என்ற இரண்டெழுத்தும் மறைந்துவிட்டது. 2022 ஜனவரி 27-ஆம் தேதி ஏர் இந்தியாவே டாட்டா குழுமத்தின் கைக்குத் திரும்பிப் போனது. 1932-ல் தபால் பையோடு புறப்பட்ட இடத்துக்கே வண்டி வந்து சேர்ந்துவிட்டது!

கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரிகளும் பறக்கும்போது

கதை கேட்டாயிற்று. இப்போது கைக்கு உதவும் சில குறிப்புகள்:

1. எந்தச் சிக்கலும் இல்லாத கர்ப்பம் என்றால் நடு மூன்று மாதங்கள்தான் பயணத்துக்கு வசதியான காலம். மசக்கை அடங்கியிருக்கும், வயிறும் ரொம்பப் பெரிதாகியிருக்காது. எப்படியானாலும் உங்கள் டாக்டரைக் கேட்காமல் டிக்கெட் வாங்காதீர்கள்.

2. பொதுவாக 36 வாரத்துக்கு மேல் விமானத்தில் ஏற்றுவதில்லை. இரட்டைக் குழந்தை என்றால் இன்னும் முன்பே நிறுத்திவிடுவார்கள். ஏழாம் மாதத்துக்குப் பிறகு டாக்டர் சர்டிபிகேட் கேட்பது வழக்கம். கம்பெனிக்குக் கம்பெனி விதி மாறும், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

3. உதிரப்போக்கு, ரத்தக்கொதிப்பு, முன்பு குறைப்பிரசவம் ஆனது... இவற்றில் ஏதாவது இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.

4. பெல்ட்டை வயிற்றின் மேல் போடாதீர்கள். வயிற்றுக்குக் கீழே, தொடைக்கு மேலே வரும்படி போடுங்கள்.

5. கர்ப்ப காலத்தில் காலில் ரத்தம் உறையும் அபாயம் சற்று அதிகம். நடைபாதை ஓரத்து இடம் கேட்டு வாங்கி, மணிக்கு ஒரு தடவை எழுந்து நாலடி நடந்துவிட்டு வாருங்கள். உட்கார்ந்த இடத்திலேயே கணுக்காலை ஆட்டலாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

6. கைக்குழந்தைக்கு விமானம் ஏறும்போதும், முக்கியமாக இறங்கும்போதும் பால் கொடுங்கள். தூங்குகிறதே என்று விட்டுவிடாதீர்கள். இறங்கத் தொடங்கியதும் மெல்ல எழுப்பிப் புகட்டுங்கள். சளி பிடித்திருந்தாலோ காதில் சீழ் இருந்தாலோ டாக்டரிடம் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

7. நிச்சயித்ததைவிட இரண்டு துணி அதிகம், ஒரு போர்வை, ஒரு பாலிதீன் பை ஆகியவற்றைக் கையிலேயே வைத்திருங்கள். பெட்டியில் போட்டால் அது உங்களோடு வராது, கீழே போய்விடும்!

கடைசியாக ஒரு வார்த்தை. எல்லோரும் பிளேனில் வேலை பார்ப்பதில்லை. நம் வீட்டுப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக, பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக, பாங்கியில் கிளார்க்காக இருக்கிறார்கள். எங்கே இருந்தாலும் முதல் மசக்கை வந்ததும் வீட்டில் எழும் முதல் பேச்சு, "வேலையை விட்டுடேன்" என்பதுதான். விட வேண்டுமென்று அவளே விரும்பினால் அது வேறு. பிள்ளையோடு வீட்டில் இருப்பதும் பெரிய உத்தியோகம்தான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் "எப்படியும் அனுப்பிவிடுவார்கள்" என்ற பயத்தினால் மட்டும் ஒரு பெண் ராஜினாமா எழுத வேண்டாம். அவளை அனுப்பக் கூடாது என்று 1981-லேயே சில பெண்கள் கோர்ட் படி ஏறி வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். உங்கள் மகளோ மருமகளோ பேனாவை எடுக்கும்போது இதை அவளிடம் சொல்லுங்கள். பிறகு, பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பேச்சில் மாப்பிள்ளையும் இருக்கட்டும்!